கார்புரேட்டரைக் கழட்டிட்டு இன்ஜெக்ஷன் போட்ட கதை: ரெண்டு வாரம்னு ஆரம்பிச்சது ஏழு மாசம் இழுத்துச்சு

ரெண்டு வாரம், மிஞ்சிப் போனா மூணு வாரம். என் பழைய கார்ல கார்புரேட்டருக்குப் பதிலா, கம்ப்யூட்டர் சொல்ற அளவுக்கு பெட்ரோலைப் பீச்சுற இன்ஜெக்ஷன் மாட்ட இதுதான் நான் போட்ட கணக்கு. வண்டி ஒழுங்கா ரோட்டுல ஓட ஏழு மாசம் ஆச்சு, செலவு நோட்டுல எழுதி வெச்சிருந்த பட்ஜெட்ல இருந்து ரெண்டரை மடங்கு. அதுல பாதிக்கு மேல தெரியாத்தனத்துக்கு கட்டின ஃபைன்னுதான் சொல்லணும். தேடிப் பாத்தப்ப எல்லாரும் ஈ.சி.யூ (இன்ஜெக்ஷனை நடத்துற கம்ப்யூட்டர்) எது நல்லது, எந்த கிட் வாங்கலாம்னுதான் பேசுறாங்களே ஒழிய, பழைய வண்டில எது எது முதல்ல மண்டையப் போடும்னு யாரும் சொல்லல. அதான் உக்காந்து எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

வண்டி 1980-கள்ல வந்தது. நாலு சிலிண்டர், 1.6 லிட்டர், ஒத்தை கார்புரேட்டர், புதுசுல 85 குதிரைத்திறன். காலையில சோக்கை இழுத்துட்டு ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுக்காம அஞ்சு நிமிஷம் உக்காந்திருக்கணும். நல்லா சூடா ஓட்டி நிறுத்திட்டு பத்து நிமிஷத்துல திரும்ப செல்ஃப் அடிச்சா கார்புரேட்டர்ல பெட்ரோல் கொதிச்சு ஓவர்ஃப்ளோ ஆகி ஸ்டார்ட் ஆகாது. காத்தைக் கூட்டிக் குறைக்குற திராட்டில் தகட்டோட ஷாஃப்ட் தேஞ்சு விரலால ஆட்டினா ஆடும், அந்த சந்து வழியா காத்து இழுத்து ஐட்லிங் ஒரு நாளைக்கு ஒரு மாதிரி இருக்கும். எனக்கு வேலை பாக்குற மெக்கானிக் அண்ணன் அப்பவே சொன்னாரு, "தம்பி, ஷாஃப்ட்டுக்கு புஷ் அடிச்சு ரிப்பேர் கிட் போட்டு விட்டுடலாம், இன்னும் பத்து வருஷம் ஓடும், எதுக்கு வம்பு"ன்னு. நான் கேக்கல. அவர் சொன்னதை செஞ்சிருந்தா நான் கடைசியா செலவு பண்ணதுல இருபதுல ஒரு பங்கு கூட ஆகியிருக்காது. இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா உங்க கார்புரேட்டர்ல இருக்குறது வெறும் தேய்மானம்னா அதை சரி பண்றதுதான் புத்திசாலித்தனம், எனக்கு ஆசை கண்ணை மறைச்சிடுச்சு.

சரி, ஆரம்பிச்சாச்சு. ரெண்டு வழி இருந்துச்சு. ஒண்ணு, கார்புரேட்டர் உக்காந்த இடத்துலயே உக்கார்ற திராட்டில் பாடி கிட், இன்ஜெக்டர், கம்ப்யூட்டர் எல்லாம் அதுக்குள்ளயே இருக்கும். இன்னொண்ணு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இன்ஜெக்டர், ஈ.சி.யூ தனி. நான் ரெண்டாவதுக்குப் போனேன். பழைய மேனிஃபோல்டுல (சிலிண்டர்களுக்கு காத்து போற குழாய்) நாலு ஓட்டை போட்டு இன்ஜெக்டர் உக்கார்ற மாதிரி அலுமினியம் குமிழ் வெல்டிங் வெக்கணும்னு லேத்துல குடுத்தேன். வெல்டிங் சூட்டுல மேனிஃபோல்டு முகம் வளைஞ்சு போச்சு. பாத்தா தெரியல, நேரா ஒரு ஸ்கேலை வெச்சு வெளிச்சத்துல பாத்தா நடுவுல ஒளி கசியுது. முகத்தை இழைச்சாங்க, அப்படியும் மூணாவது சிலிண்டர் பக்கம் காத்து லீக். ஆறு வாரம், மேனிஃபோல்டு, வெல்டிங் கூலி, இழைப்பு கூலி எல்லாம் தண்டம். அதுக்கப்புறம்தான் தெரிஞ்சது, இதே இன்ஜின் பிளாக்கை வெச்சு அதே கம்பெனி பின்னாடி இன்ஜெக்ஷன் வண்டி விட்டிருக்கு, அதோட மேனிஃபோல்டு, திராட்டில் பாடி, ஃப்யூயல் ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு பெட்ரோலைப் பிரிச்சுக் குடுக்குற குழாய்), இன்ஜெக்டர் எல்லாம் பழைய சாமான்ல செட்டா கிடைக்குது, என் ஹெட்ல அப்படியே உக்காருதுன்னு. நீங்க ஒரு போல்ட்டைக் கழட்டறதுக்கு முன்னாடி உங்க இன்ஜின் குடும்பத்துல பின்னாடி வந்த இன்ஜெக்ஷன் மாடல் இருக்கான்னு பாருங்க. இருந்தா பாதி வேலையை கம்பெனி எஞ்சினியர்களே செஞ்சு வெச்சிருப்பாங்க.

இன்ஜெக்டர் கதையும் அங்கயே வருது. முதல்ல நான் வாங்கினது நிமிஷத்துக்கு 440 சிசி விடுற இன்ஜெக்டர். பெருசா இருந்தா நல்லதுதானேன்னு ஒரு நெனப்பு. கணக்கு போட்டுப் பாருங்க: சாதாரண பெட்ரோல் இன்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 225 கிராம் பெட்ரோல் குடிக்கும், 85 குதிரைன்னா 19 கிலோ, நாலால வகுத்தா சிலிண்டருக்கு கொஞ்சம் குறைய 5 கிலோ, இன்ஜெக்டர் 80 சதவீத நேரத்துக்கு மேல திறந்திருக்கக் கூடாதுன்னு அதுக்கும் இடம் விட்டா 6 கிலோ, அதாவது நிமிஷத்துக்கு 140 சிசி பக்கம். நான் மாட்டினது அதைப் போல மூணு மடங்கு. விளைவு என்னன்னா, இன்ஜெக்டர் கரண்ட் வந்ததும் திறக்குறதுக்கே சுமார் 1 மில்லி செகண்ட் எடுத்துக்குது, ஐட்லிங்ல எனக்கு வேண்டிய பெட்ரோலுக்கு அது திறந்திருக்க வேண்டியது 0.6 மில்லி செகண்ட்தான். வால்வு முழுசா திறக்கறதுக்குள்ள மூடச் சொல்ற மாதிரி. ஒரு தடவை நிறைய விடும், ஒரு தடவை விடவே விடாது. மூணு வாரம் ஐட்லிங் டியூன் பண்றேன்னு மல்லுக்கட்டினேன், அது டியூனிங் பிரச்சினையே இல்ல. அந்தப் பின்னாடி மாடல்ல இருந்து வந்த சின்ன இன்ஜெக்டரை சுத்தம் பண்ணி மாட்டின அன்னிக்கே ஐட்லிங் சீராயிடுச்சு. வாங்கும்போது ரெசிஸ்டன்ஸும் பாத்துக்கோங்க, 12ல இருந்து 16 ஓம்ஸ் இருந்தா எந்த ஈ.சி.யூவுக்கும் பயமில்ல, 2, 3 ஓம்ஸ் வகைன்னா அதுக்குத் தனி டிரைவர் (கரண்டைக் கட்டுப்படுத்துற சர்க்யூட்) வேணும், இல்லாட்டி ஈ.சி.யூ கருகிடும்.

அடுத்தது பெட்ரோல் லைன். இங்கதான் உண்மையிலேயே பயந்தேன். கார்புரேட்டர் வண்டில இன்ஜின் ஓட்டுற மெக்கானிக்கல் பம்ப் 3ல இருந்து 6 பி.எஸ்.ஐ அழுத்தம்தான் குடுக்கும். இன்ஜெக்ஷன்ல 3 பார், அதாவது 43.5 பி.எஸ்.ஐ. நான் ரெயிலுக்குப் போற ஒரு முழ ஹோஸை மட்டும் சாதாரண பெட்ரோல் ஹோஸ் போட்டு, வழக்கமா போடுற பல்லு வெச்ச கிளாம்ப்பை இறுக்கி விட்டேன், அப்புறம் மாத்திக்கலாம்னு. மூணாவது நாள் சாயங்காலம் பானெட்டைத் திறந்து வெச்சு ஐட்லிங்ல விட்டுட்டு லேப்டாப்பைப் பாத்துட்டிருக்கேன், பெட்ரோல் வாசனை. எட்டிப் பாத்தா கிளாம்ப் ஓரத்துல, பல்லு கடிச்ச இடத்துல, ஊசி முனை அளவு ஓட்டை. அதுல இருந்து பெட்ரோல் ஒழுகல, சொட்டல, புகை மாதிரி, மழைக்காலத்துல கண்ணாடில படியுமே அந்த மாதிரி சன்னமா பீச்சிட்டு இருக்கு, ஒரு சாண் கீழ எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. கை நடுங்கிக்கிட்டே சாவியைத் திருப்பினேன். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. இன்ஜெக்ஷன் ஹோஸுக்குன்னு எஸ்.ஏ.ஈ. ஜே30ஆர்9 குறி போட்டு வரும், அது 100 பி.எஸ்.ஐ வரை தாங்கும். சாதாரணமா கிடைக்குற ஜே30ஆர்7 வகைக்கு 50தான், நம்ம அழுத்தம் கிட்டத்தட்ட அந்த விளிம்புலயே நிக்குது, சூடும் வயசும் சேர்ந்தா அவ்ளோதான். கிளாம்ப்பும் ஓரம் மடிச்ச, ரப்பரைக் கடிக்காத வகைதான் போடணும். டேங்க்குக்குள்ள மூழ்கி இருக்குற துண்டுக்கு இந்த ஹோஸும் ஆகாது, அதுக்கு வெளிப்பக்கமும் பெட்ரோலைத் தாங்குற ஜே30ஆர்10 வேணும். தீயணைப்பான் ஒண்ணை கைக்கு எட்டுற தூரத்துல வெச்சுட்டு வேலை பாருங்க, நான் மறுநாள்தான் வாங்கினேன்.

டேங்க் இன்னொரு தலைவலி. நாப்பது வருஷ டேங்க், உள்ள துரு. கார்புரேட்டர் அதை எல்லாம் முழுங்கிட்டு ஓடிட்டிருந்துச்சு, இன்ஜெக்ஷன் பம்ப் ஏத்துக்கல. நாப்பதே கிலோமீட்டர்ல ஃபில்டர் அடைச்சு வண்டி நடுரோட்டுல நின்னுச்சு, ஃபில்டரைத் தட்டினா டீத்தூள் மாதிரி கொட்டுது. டேங்க்கை இறக்கி துரு எடுத்து உள் பூச்சு போட்டேன். பம்ப்புக்கு முன்னாடி 100 மைக்ரான், பம்ப்புக்கு அப்புறம் 10 மைக்ரான் ஃபில்டர். அப்புறம் இன்னொரு கூத்து, கால் டேங்க்குக்குக் கீழ போனா ஒவ்வொரு வளைவுலயும் வண்டி மூச்சு முட்டும். பழைய டேங்க்ல உள்ள தடுப்பு எதுவும் கிடையாது, வளைவுல பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும்போது பம்ப் காத்தை உறிஞ்சுது. கார்புரேட்டர்ல ஃப்ளோட் சேம்பர்னு ஒரு சின்ன சேமிப்பு இருந்ததால இத்தனை வருஷமா அது நமக்குத் தெரியவே இல்ல. ஒரு லிட்டர் பிடிக்குற சின்ன சர்ஜ் டேங்க் ஒண்ணு, அதை நிரப்ப குறைஞ்ச அழுத்த பம்ப் ஒண்ணு, அதுல இருந்து எடுத்து ரெயிலுக்குத் தள்ள பெரிய பம்ப் ஒண்ணுன்னு போட்டப்புறம்தான் அடங்குச்சு. கிட்டோட விலை ஒரு பக்கம், டேங்க், பம்ப், லைன், ஃபில்டர், ஹோஸ் செலவு இன்னொரு பக்கம்னு வெச்சுப் பாத்தா சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்தான். பம்ப்புக்கு ரிலே, பியூஸ் போடறதோட, இடிச்சா கரண்டைக் கட் பண்ற இனர்ஷியா ஸ்விட்ச்சையும் கண்டிப்பா போட்டுடுங்க. மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின் நின்னா தானா நின்னுடும், மின்சார பம்ப்புக்கு அந்த புத்தி கிடையாது, நாமதான் குடுக்கணும்.

எலக்ட்ரிக்கல்ல என்னை மூணு வாரம் அலைய வெச்சது ஒரு எர்த் பட்டை. செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் சுத்துது, ஸ்டார்ட் ஆகல, லேப்டாப்ல பாத்தா ஈ.சி.யூ திரும்பத் திரும்ப ரீசெட் ஆகுது. பேட்டரி மாத்தினேன். ஈ.சி.யூவே கோளாறுன்னு திருப்பி அனுப்பக் கூட பேக் பண்ணிட்டேன். கடைசியில மெக்கானிக் அண்ணன்தான் வந்து மல்டிமீட்டர் ஒரு முனையை பேட்டரி மைனஸ்லயும் இன்னொரு முனையை இன்ஜின் பிளாக்குலயும் வெச்சுட்டு "இப்ப செல்ஃப் அடி"ன்னாரு. 0.9 வோல்ட் காட்டுச்சு. "ரெண்டும் ஒரே எர்த்துதானே தம்பி, நடுவுல எதுக்கு ஒரு வோல்ட் நிக்குது?" அவ்வளவுதான் கேட்டாரு. 0.2க்கு மேல போகக் கூடாதாம். பட்டையைக் கழட்டினா போல்ட்டுக்கு அடியில பச்சையா பூத்துக் கிடக்கு. புது பட்டை போட்டு பெயின்ட்டைச் சுரண்டி மாட்டினதும் 0.1. முதல் சாவியிலயே இன்ஜின் பிடிச்சுக்கிச்சு. சென்சார் எர்த்தையும் பம்ப், இன்ஜெக்டர் எர்த்தையும் ஒண்ணா முடிச்சுப் போடாதீங்க, சென்சார் எர்த் ஈ.சி.யூவுக்கே திரும்பணும். பிளக் ஒயர் வெறும் செம்புக் கம்பி வகையா இருந்தா ரெசிஸ்டன்ஸ் உள்ளதா மாத்திடுங்க, என் வண்டில ஐட்லிங்லயே ஆர்.பி.எம் 4000னு தாவித் தாவிக் காட்டுச்சு, எல்லாம் அந்த ஸ்பார்க் இரைச்சல். பழைய 35 ஆம்ப் ஆல்டர்னேட்டரும் போதல, ராத்திரி லைட் போட்டு ஐட்லிங்ல நின்னா 11.8 வோல்ட்டுக்கு இறங்கிடும், 65 ஆம்ப் மாத்த வேண்டியதாச்சு. 1958ல கிரைஸ்லர் சில மாடல்கள்ல பென்டிக்ஸோட எலக்ட்ரோஜெக்டர்னு மின்னணு இன்ஜெக்ஷன் குடுத்தாங்க, அந்தக் கால எலக்ட்ரானிக்ஸ் தாங்காம அதுல பெரும்பாலான வண்டியை திரும்ப கார்புரேட்டருக்கே மாத்தினாங்கன்னு படிச்சப்ப எனக்கு ஒரு அல்ப திருப்தி, சரி நான் மட்டும் இல்லன்னு.

டைமிங்ல, அதாவது பிளக் எப்ப பொறி விடணும்ங்கறதுல, நான் முட்டாளானது ரெண்டு தடவை. இன்ஜின் எந்த நிலையில இருக்குன்னு ஈ.சி.யூவுக்குச் சொல்ல கிராங்க்ல 36 பல்லுல ஒண்ணு இல்லாத சக்கரம், அதைப் படிக்க காந்த சென்சார். ஈ.சி.யூவுல டைமிங்கை 10 டிகிரில லாக் பண்ணிட்டு டைமிங் லைட் அடிச்சுப் பாத்தா குறி 10ல நிக்குது, அப்பாடான்னு விட்டுட்டேன். ஆக்சிலரேட்டர் குடுத்தும் பாத்திருக்கணும். லாக் பண்ணின டைமிங் எத்தனை ஆர்.பி.எம் போனாலும் அசையக் கூடாது, எனக்கு நகர்ந்துச்சு, காரணம் சென்சாரோட ரெண்டு ஒயரையும் மாத்திக் குடுத்திருந்தேன். அதைச் சரியா மாத்தினதும் குறி அசையாம நின்னுச்சு. அப்படியும் ஏத்தத்துல கிலுகிலுன்னு நாக்கிங், அதாவது பெட்ரோல் நேரங்கெட்டு வெடிக்குற சத்தம். நாலு நாள் கழிச்சுதான் பொறி தட்டுச்சு, கிராங்க் புல்லி ரெண்டு துண்டு, நடுவுல ரப்பர், அந்த வெளி வளையம் வருஷக் கணக்குல மெல்ல மெல்ல வழுக்கியிருக்கு, டைமிங் குறியும் அதுலதான் இருக்கு. பிளக் ஓட்டைல ஒரு முட்டுக் கம்பியை மாட்டி, இன்ஜினை கையால ரெண்டு பக்கமும் முட்டுற வரைக்கும் திருப்பி, ரெண்டு குறிக்கும் நடுவைப் பாத்தா அதுதான் உண்மையான டாப், பிஸ்டன் உச்சில இருக்குற இடம். குறி 12 டிகிரி தள்ளி இருந்துச்சு. நான் 10ன்னு நெனச்சு ஓட்டினது 22. பிஸ்டன் ஓட்டை விழாம தப்பிச்சது என் அதிர்ஷ்டம். பல்சக்கரத்தை வெளி வளையத்துல மாட்டாம நடு ஹப்புல மாட்டுங்க, அது வழுக்காது.

ஆக்சிஜன் சென்சாருக்கு வரேன், வாய்விட்டு அழுதது இதுக்குத்தான். புகையில இருக்குற ஆக்சிஜனை வெச்சு காத்து-பெட்ரோல் கலவையைச் சொல்ற வைட்பேண்ட் சென்சார் எல்.எஸ்.யூ 4.9 வாங்கி சைலன்சர் பைப்புல மாட்டிட்டேன், அதோட கன்ட்ரோலர் பார்சல் வரல. வரட்டும், அதுவரைக்கும் ஓட்டலாம்னு ஒன்பது நாள் ஓட்டினேன். ஹீட்டர் ஓடாத சென்சாரை புகைக்குள்ள விட்டா கரி படிஞ்சு போயிடும்னு தெரியாது. கன்ட்ரோலர் வந்து இணைச்சா சென்சார் செத்துப் போயிருந்துச்சு. ரெண்டாவது வாங்கினேன். அது 16, 17னு லீனாவே (பெட்ரோல் கம்மின்னு) காட்டுது. சரியான கலவை ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்து, முழு திராட்டில்ல 12.5லிருந்து 13 வரை இருக்கணும். ஆட்டோ டியூனை ஆன் பண்ணி விட்டுட்டேன், அது பாவம் சொன்ன பேச்சு கேட்டு பெட்ரோலை ஏத்திக்கிட்டே போச்சு. ஒரு வாரம் கழிச்சு ஆயில் செக் பண்ண டிப்ஸ்டிக்கை உருவினா, மேல் கோட்டையும் தாண்டி ஒரு விரக்கடை மேல ஆயில் நிக்குது. நான் ஆயிலே ஊத்தல. மூக்குகிட்ட கொண்டு போனேன், பெட்ரோல். விரல்ல தேச்சா வழவழப்பே இல்ல, தண்ணி. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சேர்ற ஃப்ளாஞ்ச்ல கேஸ்கெட் லீக், வெளிக்காத்தை உள்ள இழுத்து சென்சாருக்கு ஆக்சிஜன் நிறைய காட்டுது, நிஜத்துல இன்ஜின் ரிச்சா, பெட்ரோல்ல மூழ்கிட்டு இருக்கு. மிஸ்ஸிங் (ஏதாவது சிலிண்டர் எரியாம போறது) இருந்தாலும் இதே மாதிரி பொய் லீன்தான் காட்டும், எரியாத காத்து அப்படியே வெளிய வர்றதால. ஆயில் மாத்தினேன், ஆயிரம் கிலோமீட்டர் கூட ஓடாத ஆயில். அன்னிலேர்ந்து மீட்டர் என்ன சொன்னாலும் ஒரு பிளக்கைக் கழட்டி நிறத்தைப் பாக்காம நம்புறதில்ல.

ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் குடுக்குதுன்னு பாக்குற கம்ப்ரெஷன் டெஸ்ட்டை கடைசியிலதான் பண்ணேன், அதை முதல் நாளே பண்ணியிருக்கணும். நாலும் ஒண்ணுக்கொண்ணு 10 சதவீதத்துக்குள்ள இருந்தா மேல போகலாம், இல்லன்னா முதல்ல இன்ஜினைப் பாருங்க. கூலன்ட் சென்சாரை தெர்மோஸ்டாட்டுக்கு இன்ஜின் பக்கமா மாட்டுங்க, ரேடியேட்டர் பக்கம் மாட்டினா இன்ஜின் சூடானாலும் குளிர்ச்சின்னு நெனச்சு பெட்ரோலைக் கொட்டும்.

எல்லாம் முடிஞ்சப்புறம் பொறுமையை சோதிச்சது காலை ஸ்டார்ட்டிங். மத்ததை எல்லாம் ரோட்டுல ஒரு நாள்ல நூறு தடவை மாத்திப் பாக்கலாம், முழுசா ஆறின இன்ஜினை ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் ஸ்டார்ட் பண்ண முடியும். தப்பாச்சுன்னா நாளைக்குத்தான் அடுத்த சான்ஸ். பல்லு கூட விளக்காம லேப்டாப்போட போய் உக்காந்து, ஒரு நம்பரை மாத்தி, சாவியைத் திருப்பி, எழுதி வெச்சுட்டு வருவேன். ஒரு தடவைக்கு ஒரே ஒரு நம்பர், ரெண்டு மாத்தினா எது வேலை செஞ்சதுன்னு தெரியாது. அஞ்சு வாரம் இப்படிப் போச்சு. வீட்ல எல்லாரும் நான் ஏதோ விரதம் இருக்கேன்னு கிண்டல் பண்ணாங்க. பெட்ரோல் அதிகமாகி பிளக் நனைஞ்சுட்டா ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சுட்டு செல்ஃப் அடிங்க, பெரும்பாலான ஈ.சி.யூ அப்ப பெட்ரோலை நிறுத்திடும், சிலிண்டர் காஞ்சுடும். திடீர்னு மிதிச்சா கூடுதல் பெட்ரோல் விடுற ஆக்சிலரேஷன் பம்ப் செட்டிங்கை மட்டும் கடைசிக்கு வெச்சுக்கோங்க, ஈ.சி.யூவோட அடிப்படை பெட்ரோல் டேபிள் சரியில்லாம அதை நோண்டினா ஒரு ஓட்டையை இன்னொரு ஓட்டையால அடைக்குற கதை.

இப்ப எப்படி இருக்குன்னா, நல்லா இருக்கு. லிட்டருக்கு 9 கிலோமீட்டர் குடுத்தது 11.5 குடுக்குது. பவர் பெருசா ஏறல, யாராவது ஏறும்னு சொன்னா நம்பாதீங்க, ஆனா எந்த வேகத்துல மிதிச்சாலும் தயங்காம எடுக்குது, சூடா நிறுத்தி எடுத்தாலும் ஒரே சுத்துல பிடிக்குது. ஒயரிங் படத்தை கையால வரைஞ்சு பிளாஸ்டிக் கவர்ல போட்டு, உபரி ரிலே ரெண்டு, கிராங்க் சென்சார் ஒண்ணு, லேப்டாப் கேபிள் எல்லாம் டேஷ்போர்டுலயே வெச்சிருக்கேன், நான் இல்லாத நேரம் வேற யாரு பாத்தாலும் புரியணும்ல. டேஷ்போர்டுல இருந்த சோக் குமிழைக் கழட்ட மனசு வரல, அதுக்குப் பின்னாடி ஒரு ஸ்விட்ச் வெச்சு இழுத்தா பம்ப்பை நிறுத்துற, திருடனைத் தடுக்குற ஸ்விட்ச்சா மாத்திட்டேன். போன வாரம் மெக்கானிக் அண்ணன் ஓட்டிப் பாக்கணும்னு கேட்டாரு. காலை நேரம், இன்ஜின் ஆறியிருக்கு, சாவியைத் திருப்பினாரு, டக்குன்னு பிடிச்சுக்கிச்சு, இருபது வருஷப் பழக்கத்துல அவர் கை தானா போய் சோக்கை இழுத்துச்சு. வண்டி ரெண்டு செகண்ட் ஓடிட்டு நின்னுடுச்சு. அவர் என்னைத் திரும்பிப் பாத்து, "நான்தான் அப்பவே சொன்னேனே"ன்னாரு.